மூன்று கை தூரம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த நோட்டை யார் எடுத்துப் படித்தாலும் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட நோட்டுதான். ஆனாலும் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி, தார்ப்பாய் சரியாகக் கட்டாத வைக்கோல் லோடு போல ஒரு பக்கம் சாய்ந்துகொள்கின்றன. நாற்பத்தொரு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. அதற்குப் பேனா மிகவும் சின்னப் பொருள். இவ்வளவு எழுதவே அரை மணி நேரம் ஆகிவிட்டது.

என் பெயர் நாச்சிமுத்து. வயது எழுபத்தொன்று. ஊர் நாமக்கல். லாரி டிரைவராக இருந்து ஓய்ந்தவன். நாலு மாதத்துக்கு முன்பு வரை எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. இப்போது தெரியும். மாலையில் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கும் ரெஜினா டீச்சர், “தினமும் நாலு வரி எழுதுங்கய்யா. உங்க நோட்டு, நான் பாக்க மாட்டேன்” என்று சொல்லியிருக்கிறார்.

ஏன் இந்த வயதில் படிக்கச் சேர்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் மனைவி பாவாயி ஏப்ரல் எட்டாம் தேதி கனடாவில் டொராண்டோ நகரத்துக்குப் போனாள். அங்கே எங்கள் மகள் பூங்கொடிக்குப் பிரசவம். போகும்போது மருமகனின் சிநேகிதர் குடும்பம் துணைக்கு இருந்தது. திரும்பி வரத் துணை இல்லை. ஆறு மாதம்தான் இருக்கலாம், அக்டோபர் ஏழுக்குள் கிளம்பியாக வேண்டும். பாவாயிக்கு எழுத்து தெரியாது. அதனால் நான் செப்டம்பர் கடைசியில் போய் அவளை அழைத்து வருவதாக ஏற்பாடு. ஏரோபிளேனில் போகிறவன் போர்டு படிக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது அல்லவா. அதற்காகத்தான். ஆங்கில எழுத்தும் இருபத்தாறு கற்றுக்கொண்டேன். அதில் கொம்பு, சுழி எதுவும் கிடையாது. மிகவும் எளிது.

ஏரோபிளேன் எனக்குப் பயம் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று பிஸ்கட் பாக்கெட் ஒன்றை முழுவதும் படித்தேன். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை நாளும் அடுப்பு மேடையில் வைத்திருந்தோம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தினமும் சாயந்திரம் ஏழு மணிக்குப் பூங்கொடி வீடியோவில் கூப்பிடுவாள். அங்கே அப்போது காலை ஒன்பதரை. பேத்தி கொட்டாவி விடுவதைப் பார்த்தேன். என் கொட்டாவி போலவே வாயைக் கோணிக்கொண்டு விடுகிறது.

பூங்கொடி விசாவுக்கு என் போட்டோவும் கையெழுத்துப் போட்ட தாளும் கேட்டாள். “நாளைக்கே அனுப்பிருங்ப்பா, நாள் இல்ல” என்றாள். அனுப்பலாம்தான். ஆனால் மீசை சீராக இல்லை. முடிவெட்டும் கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வேறு கடையில் வெட்டிப் பழக்கமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று வகுப்பில் பெரிய சண்டை.

வகுப்புச் சுவரில் உலகப் படம் மாட்டியிருக்கிறது. டொராண்டோ எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடலாம் என்று ஒரு நூல் எடுத்துப் போயிருந்தேன். முதலில் சென்னைக்கும் டெல்லிக்கும் நூலை வைத்தேன். அந்த ரோடு எனக்குத் தெரியும், 2,200 கிலோமீட்டர். அதே நூலைச் சென்னையிலிருந்து மேற்கே அரபு நாடு, ஆப்பிரிக்கா, கடல் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனால் டொராண்டோ வரை பத்தேகால் நூல் வந்தது. பெருக்கினால் 22,550 கிலோமீட்டர். நாளைக்கு நானூறு ஓட்டினாலும் ஐம்பத்தாறு நாள்.

டீச்சர் தன் போனில் பார்த்துவிட்டு, “பதிமூணாயிரத்து நானூறுன்னு போட்டிருக்குங்கய்யா” என்றார்.

“அப்ப மீதி ஒம்பதாயிரத்து நூத்தம்பது எங்க போச்சுங்க டீச்சர்?”

பக்கத்து பெஞ்சில் சின்னக்கண்ணு. பன்னிரண்டு வருடம் என்னிடம் கிளீனராக இருந்தவன். இப்போது அவனுக்கும் வயது அறுபத்திரண்டு, என்னோடு சேர்ந்து படிக்கிறான். அவன் எழுந்து சொன்னான்: “ண்ணா, டீசல் திருடறவனப் பாத்திருக்கறோம், டயர் திருடறவனப் பாத்திருக்கறோம். ரோட்டையே திருடறவன இப்பத்தான் கேள்விப்படறேன்.”

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குக் கோபம். தூரத்தில் நான் தப்பு செய்ததே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டீச்சர் பாதியைக் கண்டுபிடித்துவிட்டார். ரோடு வளைந்து வளைந்து போகும், ஏரோபிளேன் நேராகப் போகும். சென்னை டெல்லி நேராக அளந்தால் 1,760தான். அதை வைத்துப் பெருக்கினால் 18,040. சரி, வளைவை எல்லாம் நான் சேர்த்து எண்ணிவிட்டேன். வளைவில்தான் என் ஆயுசே போயிற்று, எப்படி எண்ணாமல் இருப்பேன்?

ஆனாலும் இன்னும் 4,640 கிலோமீட்டர் இடிக்கிறது. கிட்டத்தட்ட நாமக்கல்லிலிருந்து டெல்லி போய்த் திரும்பும் தூரம். டீச்சரும் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மீசை சரியாகிவிட்டது. போட்டோ எடுக்கக் கிளம்பினேன். மழை வரும்போல இருந்தது. திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டோம்!

டீச்சர் பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து உலக உருண்டையைக் கொண்டு வந்தார். ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, ஆனாலும் உருண்டைதான். சின்னக்கண்ணு சென்னையில் நூலை விரலால் அழுத்திக்கொண்டான். நான் டொராண்டோவில் வைத்து இழுத்துப் பிடித்தேன். நூல் மேற்கே போகவே இல்லை! இழுக்க இழுக்கத் தானாக மேலே ஏறியது. இமயமலை, ரஷ்யா, அதற்கும் மேலே பனி, உலகத்தின் உச்சந்தலைக்குப் பக்கத்தில் போய், அந்தப் பக்கமாக இறங்கி டொராண்டோவில் நின்றது. உருண்டையில் சென்னை டெல்லி நூலைப் புதிதாக அளந்து வைத்துப் பார்த்தால் ஏழரைக்குக் கொஞ்சம் கூட. டீச்சர் போனில் சொன்ன அதே தூரம்.

சுவரில் இருப்பது ஆரஞ்சுத் தோலை உரித்து ஆணி அடித்த படம். அதில் அளந்தால் அப்படித்தான் வரும்.

“அட, குறுக்கு வழி!” என்று கத்திவிட்டேன். நாற்பத்தொரு வருடம் குறுக்கு வழி தேடினவன் நான். உலகத்திலேயே பெரிய குறுக்கு வழி வடக்கே தலைக்கு மேலே இருந்திருக்கிறது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாவாயியிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், “ஏனுங்க, தூரமெல்லாம் செரி. போட்டோ எடுத்தாச்சுங்களா?” என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பெட்டியில் பழைய போட்டோ ஒன்று கிடைத்தது. நான் பதினோரு வருடம் ஓட்டிய வண்டியின் பின்பக்கம், நானும் சின்னக்கண்ணுவும் சாய்ந்து நிற்கிறோம். முதலாளி அதில் என்னவோ எழுதி வைத்திருந்தார், இன்றுதான் படித்தேன். “இந்த வண்டி மெதுவாகச் செல்லும்.”

சின்னக்கண்ணுவிடம் காட்டினேன். அவனும் எழுத்துக் கூட்டிப் படித்தான். “அதுதானா ண்ணா, நாம தாண்டிப் போறப்ப எல்லாரும் சிரிச்சாங்க?” என்றான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போட்டோ அனுப்பியாயிற்று. வெள்ளைச் சட்டைக்கு ஒரு பட்டன் இல்லாமல் இருந்தது, அதனால்தான் ஒரு வாரம் தள்ளிப்போனது.

செப்டம்பர் 8, திங்கள்

சென்னைக்குப் போய் விசாவுக்குக் கைரேகை வைத்துவிட்டு வந்தேன். பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். முன்பெல்லாம் எழுதத் தெரியாதவனைத்தான் ரேகை வைக்கச் சொல்வார்கள். நான் பேனாவைச் சட்டைப் பையில் நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 10, புதன்

ஏரோபிளேன் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் போகுமாம். நாமக்கல்லிலிருந்து சேலம் நாலு நிமிடம்கூட இல்லை. டீ ஆறுவதற்குள் சேலம்!

நேரே டொராண்டோவுக்கு வண்டி கிடையாது, துபாயில் மாற வேண்டும். சென்னை துபாய் 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரம். நாமக்கல்லிலிருந்து குவஹாத்திக்கு அதே தூரம்தான், எனக்கு எட்டு நாள் பிடிக்கும். துபாயிலிருந்து டொராண்டோ 11,000, பதின்மூன்று மணி நேரம். பதினேழு மணி நேரமும் டிரைவர் முகத்தைப் பார்க்க முடியாதாம். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்வாராம். எனக்குப் பயம் இல்லை. ஆனால் வண்டி ஓட்டுகிற ஆளின் கண் சிவந்திருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது வழக்கம். அதைத்தான் சொல்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பூங்கொடி பேசினாள். விசா சமயத்துக்கு வராதாம். “நாம அனுப்புனதே லேட்டுங்ப்பா. ரெண்டு வாரம் முன்னாடி போயிருந்தா வந்திருக்கும்” என்றாள். அம்மாவுக்கு அக்டோபர் நாலாம் தேதி டிக்கெட் போட்டாயிற்று, தனியாகத்தான் வர வேண்டும் என்றாள்.

மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. சாயந்திரம் கடையில் நாலு தோசை சாப்பிட்டேன். பிறகு ஒரு ஊத்தப்பம். படுத்தவுடன் தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று பாவாயி தானே கூப்பிட்டாள். பூங்கொடியை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுப் பேசினாள். அவள் பேசினதை அப்படியே எழுதுகிறேன். தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

“நேத்து நல்லாச் சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன் புள்ள.”

“சாப்பிட்டிருப்பீங்க. நாப்பது வருசம் லாரியில போனீங்க. அஸ்ஸாம்னீங்க, டெல்லின்னீங்க. என்னிக்கு வருவீங்கன்னு ஒரு நாள் கேட்டிருப்பனா? வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா வந்துட்டீங்கன்னு உலை வெப்பேன். அவ்வளவுதான். இப்ப நான் தூரமா இருக்கறேன். ஒரு போட்டோ எடுக்க உங்களுக்கு இருவத்திரண்டு நாளு.”

நான் மழையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

“கூட்டியாற வருவீங்கன்னு பேத்திகிட்டக்கூடச் சொல்லி வெச்சிருந்தேன்” என்றாள். “எனக்கு அந்த ஏரோப்ளேன் மாத்தற எடத்த நெனச்சா ராத்திரி தூக்கமே வரதில்லீங்க. வரும்போது மாப்பிள்ளையோட சிநேகிதரு ஊட்டுப் புள்ளைங்க கையைப் புடிச்சுட்டே வந்தேன். ஊரே ஒரு கட்டடத்துக்குள்ள இருக்குது.”

சக்கர நாற்காலி சொல்லி வைக்கலாம், ஆள் தள்ளிக்கொண்டு போவான் என்று பூங்கொடி எத்தனையோ சொல்லிப் பார்த்தாளாம். பாவாயி கேட்கவில்லை. “காலு நல்லாருக்கறப்ப அதுல உக்காந்தா அப்பறம் எந்திரிக்கவே முடியாமப் போயிரும். நான் உக்கார மாட்டேன்.” அவள் சொன்னால் சொன்னதுதான்.

இன்று சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டு நாள் யோசித்தேன். நான் எழுத்து தெரியாமல் இந்தியா முழுவதும் லாரி ஓட்டியவன். வங்காளத்தில் ஒரு எழுத்து, ஒடிசாவில் முட்டை முட்டையாக இன்னொரு எழுத்து, ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒருமுறைகூட லோடு ஊர் மாறிப் போனதில்லை. எப்படிப் போனேன்?

கை வைத்துப் போனேன். எனக்கு வண்டி பழக்கிய டிரைவர் சொல்லிக் கொடுத்தது. எவ்வளவு நீளமான வழியானாலும் ஐந்து ஐந்து அடையாளமாக வெட்டிக்கொள்ள வேண்டும். பாலம், கோயில், மில் புகைபோக்கி, எதுவானாலும். இடது கையில் சுண்டு விரலிலிருந்து ஒன்று தாண்டினால் ஒரு விரல் மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் ஒரு கை. வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு அடுத்த கை. முழு வழியையும் ஒருபோதும் நினைக்கக் கூடாது, நினைத்தால் பயம் வரும். அடுத்த விரலை மட்டும் நினைக்க வேண்டும். டெல்லி பதினான்கு கை. குவஹாத்தி பத்தொன்பது கை.

டொராண்டோவிலிருந்து சென்னை எத்தனை கை?

ஐந்து மாதமாக எழுத்து படித்த சந்தோஷத்தில் இதை மறந்தே போனேன்.

செப்டம்பர் 24, புதன்

வேலை நடக்கிறது. சின்னக்கண்ணுவின் மருமகன் துபாயில் எலக்ட்ரீஷியன், அந்த ஏர்போர்ட்டில் எத்தனையோ முறை இறங்கி ஏறியவன். அவனிடம் போனில் மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். “மாமா, போர்டுல எழுதியிருக்கும்” என்று ஆரம்பித்தான். “எழுதியிருக்கறதச் சொல்லாத மாப்பிள்ள. கண்ணுக்குத் தெரியறதச் சொல்லு” என்றேன். அதன் பிறகு நன்றாகச் சொன்னான். டொராண்டோ பக்கத்து அடையாளங்களைப் பூங்கொடி விசாரித்துச் சொன்னாள்.

இடையில் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ள முடிகிறதே என்று நினைத்தேன். முன்பு பத்தொன்பது கையையும் மண்டையில் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மூன்று கை. அவ்வளவுதான்! பதிமூன்றாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், மூன்றே கை.

இன்று பாவாயிக்குப் போனில் சொல்லிக் கொடுத்தேன். முதல் கை டொராண்டோ. சுண்டு விரல், பையைத் தட்டில் வைத்து வாசற்கால் போன்றதைத் தாண்டுவது. அடுத்தது, சென்ட் வாசனைக் கடைகள். அப்புறம் டிக்கெட்டில் இருக்கும் எண்ணைத் தூணில் கண்டுபிடிப்பது, எண் அவளுக்குத் தெரியும். அப்புறம் தன் சீட்டு. கட்டை விரல், பதின்மூன்று மணி நேரம் கழித்துச் சக்கரம் தரையில் தட்டும் சத்தம்.

இரண்டாவது கை துபாய். தலை தூக்கிய ஏரோபிளேன் படத்தின் பின்னாலேயே போக வேண்டும். இன்னொரு தட்டு, இன்னொரு வாசற்கால். ஒரு குட்டி ரயில். பிறகு ஆங்கில எழுத்து ஒன்று.

“எழுத்தா? எனக்கெங்க தெரியும்?”

“கம்பத்துல ரெண்டு பணியாரம் ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும் பாரு, அதுதான். அதுக்குப் பக்கத்துல நம்பர்.”

“பணியாரம்னா கண்டுபிடிச்சிருவேன்” என்றாள்.

அங்கே கட்டை விரல், சென்னை வண்டியில் தன் சீட்டு. மூன்றாவது கை சென்னை. இறங்குவது, பாஸ்போர்ட்டில் முத்திரை, மஞ்சள் துணி கட்டிய பெட்டி சுற்றி வருவது, பச்சைப் போர்டு வாசல். கடைசியாகக் கட்டை விரல்.

“அதுக்கு என்ன அடையாளம்?”

“நான்தான். வெளிய வந்தா மொதத் தூணுகிட்ட நிப்பேன்.”

“பாலம், கோயில்னா எடம் மாறாதுங்க. நீங்க டீ குடிக்கப் போயிருவீங்க” என்றாள்.

“போக மாட்டேன்.”

“மழ வந்தா?”

“போக மாட்டேன் புள்ள.”

அக்டோபர் 2, வியாழன்

நேற்று எழுதவில்லை. ஆயுத பூஜை. முன்பெல்லாம் ஜாக்கியும் ஸ்பேனரும் சாமி முன்னால் வைப்பேன். இந்த வருடம் இந்த நோட்டையும் பேனாவையும் வைத்தேன். எடுக்கக் கூடாது என்பதால் நாள் முழுவதும் கை குறுகுறுத்தது. தெருவில் லாரிகளெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பூ வைத்துவிட்டு நானும் சாமியிடம் ஒன்று கேட்டேன். என்ன என்று எழுதத் தேவையில்லை.

பாவாயி தினமும் விரல் மடக்கிக் காட்டுகிறாள். இன்று பேத்தியின் விரலையும் பிடித்து மடக்கினாள். அது உதைத்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

டொராண்டோவில் சனிக்கிழமை இரவு பத்து மணி, நமக்கு ஞாயிறு காலை ஏழரை. அவள் வண்டி கிளம்பிய அதே நேரத்துக்கு நானும் சின்னக்கண்ணுவும் நாமக்கல்லில் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓர சீட்டு. எனக்கு அடுத்தவன் ஓட்டும் வண்டியில் உட்காரத் தெரியாது. ஆத்தூர் வருவதற்குள் என் வலது கால் பிரேக் மிதித்து மிதித்து வலித்தது.

“ண்ணா, அங்க பிரேக் இல்லீங்” என்றான் சின்னக்கண்ணு.

“தெரியுது.”

“அப்பறம் எதுக்கு மிதிக்கறீங்?”

அதற்குப் பிறகு போர்டு படித்துக்கொண்டு வந்தேன், கால் தானாக அடங்கியது. இந்த ரோட்டில் ஆயிரம் முறை போயிருப்பேன். எல்லா ஊருக்கும் நானே வைத்த பெயர்தான் தெரியும். கரண்ட் கம்பி ஊர், குண்டு தாயார் கடை, பஞ்சர் கிடைக்கும் இடம். எல்லாவற்றுக்கும் சொந்தப் பெயர் இருந்திருக்கிறது. ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு, “சின்னப் பசங்க மாதிரி படிக்கிறீங்களே” என்றார். “ஆமாங்க, நாலாவது மாசம்தான்” என்றேன். அவசரத்தில் தவறாகச் சொன்னேன், ஆறாவது மாதம்.

ஏர்போர்ட்டுக்கு அருகே அறை எடுத்திருக்கிறோம். இப்போது எட்டே முக்கால். துபாயில் வண்டி இறங்கிவிட்டது என்று பூங்கொடி போனில் பார்த்துச் சொன்னாள். முதல் கை முடிந்தது. பாவாயியின் போன் அங்கே வேலை செய்யாது. இனி விடியும் வரை ஒன்றும் தெரியாது. அவள் இப்போது தலை தூக்கிய ஏரோபிளேனைத் தேடிக்கொண்டிருப்பாள்.

நான் போயிருக்க வேண்டும். பட்டன் இல்லாவிட்டால் என்ன, வேறு சட்டை இருந்தது. மழையும் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நோட்டில் எழுதியாயிற்று, இனி அழிக்க மாட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்று நடந்தது.

காலை ஏழு மணிக்கே முதல் தூணில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். எட்டே காலுக்கு வண்டி இறங்கியது. போர்டில் நானே படித்தேன். துபாய், வந்து சேர்ந்தது. சின்னக்கண்ணுவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

ஒன்பது மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெட்டி பெட்டியாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சக்கர நாற்காலிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் பாவாயி வயதுப் பெண்கள் ஜம்மென்று உட்கார்ந்து வந்தார்கள். ஒன்பதரை. கூட்டம் குறைந்தது.

“ண்ணா, ஒரு டீ சாப்பிட்டு வந்தர்லாம், அஞ்சு நிமிசம்.”

“நீ போ.”

“ஒண்ணுக்காவது போயிட்டு வாங்க. காலைலிருந்து நிக்கறீங்.”

“தூணு ஒண்ணுக்குப் போகுமாடா? நீ போ.”

ஒன்பதே முக்கால். அந்தக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது, யாரும் வரவில்லை. துபாயில் பணியாரத்தைத் தவற விட்டுவிட்டாளோ. ஆங்கிலத்தில் இன்னொரு எழுத்தும் கொஞ்சம் பணியாரம் போலத்தான் இருக்கும், ஒற்றைப் பணியாரம். அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. என் வலது கால் தரையில் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. முதலில் மஞ்சள் துணி கட்டிய பெட்டி தெரிந்தது. அதன் பின்னால் என் பாவாயி. ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, இடது கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாலு விரல் மடங்கியிருந்தது. கட்டை விரல் மட்டும் நின்றது. அவள் பின்னால் இரண்டு பெண்கள், நல்ல பட்டுச் சேலை, மூக்குக் கண்ணாடி, அவள் முந்தானையைப் பிடிக்காத குறையாக வந்தார்கள்.

என்னைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். கட்டை விரலை மடக்கினாள்.

கிட்டே வந்ததும் அழுவாள் என்று நினைத்தேன். “கையைப் புடிச்சு விரிச்சு உடுங்க, மரத்துப்போச்சு” என்றாள். விரித்து விட்டேன். ஒவ்வொரு விரலாக. அழுதது நான்தான்.

“ஏன் புள்ள இவ்வளவு நேரம்?”

“இவங்களுக்குப் பொட்டி வரல, நின்னு தேடிக் குடுத்துட்டு வந்தேன். அக்காளும் தங்கச்சியும். துபாயில ரயிலடியில நின்னு அழுதுட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் டீச்சராம், ரெட்டைப் படிப்பாம்! போர்டு அத்தனையும் படிச்சுப் படிச்சுத் தலை சுத்திப்போச்சாம். எம்பின்னால வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன்.”

மூத்தவர் என்னிடம், “உங்க மிஸஸ் ரொம்ப வருஷமா ஃப்ளைட்ல போய் வராங்களா சார்?” என்று கேட்டார்.

“டிரைவர் குடும்பங்க” என்றான் சின்னக்கண்ணு, டீ வாசனையோடு.

பிறகு நான் ஓடினேன். எங்கே என்று எழுத வேண்டாம்.

அக்டோபர் 8, புதன்

இன்று பாவாயி இந்த நோட்டைப் பார்த்துவிட்டாள். படித்துக் காட்டச் சொன்னாள். முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தேன், இரண்டு மணி நேரம் ஆனது. மீசை, மழை, பட்டன் என்று வரும் இடங்களில் வேகமாகப் படித்தேன்.

“அங்க மெதுவாப் படிங்க” என்றாள்.

மெதுவாகப் படித்தேன். பயமாக இருந்தது என்று எழுதின பக்கத்தையும் படித்தேன். அவள் உள்ளே போய் பணியாரத்துக்கு ஊற வைத்துவிட்டு வந்தாள்.

“அடுத்த வருசம் பேத்திக்குக் காது குத்தறாங்க” என்றாள். “ரெண்டு பேரும் போறோம். போட்டோ இந்த மாசமே எடுத்தர்லாம். நான் வழி தெரிஞ்ச டிரைவரு. நீங்க கிளீனரு. கதவோரமா உக்காந்து என் கையைப் புடிச்சுக்கலாம்.”

“மூணு கையும் எனக்குத் தெரியும் புள்ள, நான்தான சொன்னேன்.”

“சொன்னவரு நீங்க. போனது நான்.”

சரி என்று சொல்லிவிட்டேன். கிளீனருக்கும் ஜன்னல் ஓரம் கிடைக்கும்.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த இரட்டைப் பணியாரத்தை எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதினேன். அப்படியானால் தன் பெயரையும் எழுதிப் பழக வேண்டுமாம். ரெஜினா டீச்சர் வேண்டாம், நோட்டில் தன் பெயர் வரும் இடத்தைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்வாளாம், அடுத்த புதன்கிழமை வரை பேனா அவளிடம்தான் இருக்குமாம். வீட்டில் இருப்பது ஒரே பேனா. இந்த வரி முடிவதற்குள்ளேயே கையை நீட்டிவிட்டாள். கொடுத்துவிடுகிறேன். புதன்கிழமை பேனா திரும்பி வந்ததும் அவள் என்ன எழுதினாள் என்பதிலிருந்து தொடங்குவேன்.